கால்வாய் வழக்கிலிருந்து கார் வழக்கு வரை

ஒரே குறை பலருக்கு நேர்ந்திருக்கும்போது, அவர்களில் ஒருவரோ சிலரோ எல்லாருக்குமாகக் கோர்ட்டு ஏறுவதைச் சட்டம் பிரதிநிதித்துவ வழக்கு என்கிறது. கார் தீப்பிடிக்கும் குறைபாட்டுக்காக உரிமையாளர்கள் சேர்ந்து உற்பத்தியாளர்மேல் தொடுக்கக்கூடிய வழக்கும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். திருநெல்வேலிச் சீமைக்கு இது புதிய முறை அல்ல. மோட்டார் வண்டி இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே தாமிரபரணிக் கரை ஊர்கள் கால்வாய்த் தண்ணீருக்கும் கோயில் உரிமைக்கும் ஊராகச் சேர்ந்து வழக்காடின. அதே ஊர்க்காரர்கள் காருக்குச் சொந்தக்காரர்கள் ஆனபோது, கார் எரிந்தால் ஒவ்வொருவரும் தனித்தனியே இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போனார்கள். இந்த மாற்றத்துக்குப் பின்னால் சட்டத்தின் கதையும் இருக்கிறது, நெருப்பின் கதையும் இருக்கிறது.

1877-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 30-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஒரே நலன் கொண்ட பலருக்காக ஒருவர் வழக்குத் தொடரலாம், ஒருவர்மேல் தொடரவும் செய்யலாம் என்று அது அனுமதித்தது. 1882-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது தொடர்ந்தது. 1908-இல் வந்த சட்டம் அதை முதல் ஆணையின் எட்டாம் விதியாக வைத்தது. இன்றுவரை வக்கீல்கள் வாயில் புழங்குவது அந்தப் பெயர்தான். நடைமுறையும் அப்போதிருந்தே ஏறக்குறைய ஒன்று. முதலில் கோர்ட்டின் அனுமதி வேண்டும். பிறகு சம்பந்தப்பட்ட அனைவருக்கும் அறிவிப்புப் போக வேண்டும். ஆட்கள் அதிகம் என்றால் பொது அறிவிப்பு. கிராமத்தில் அது தண்டோராவாகவும் பலகையில் ஒட்டிய தாளாகவும் வந்தது. அறிவிப்பைக் கண்டு யார் வேண்டுமானாலும் தன்னையும் கட்சிக்காரராகச் சேர்க்கச் சொல்லி மனுப் போடலாம். தீர்ப்பு வந்தால், கோர்ட்டுப் பக்கமே போகாதவரையும் அது கட்டுப்படுத்தும்.

இந்த விதி தாமிரபரணிப் பாசனத்துக்கு அளந்து தைத்தது போல் பொருந்தியது. ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள். ஏழு பழையவை, ஸ்ரீவைகுண்டம் மட்டும் 1870-களில் பிரிட்டிஷ் ஆட்சியில் கட்டி முடிந்தது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், கோடகன், பாளையங்கால்வாய், நெல்லை கால்வாய், மருதூர் மேலக்கால், கீழக்கால், ஸ்ரீவைகுண்டம் வடகால், தென்கால் என்று கால்வாய்கள் பிரிகின்றன. ஒரு கால்வாயில் தலைமடைக்காரர் மடையைப் பெரிதாக்கினால் கடைமடையில் உள்ள அத்தனை வயலும் காயும். பாதிப்பு ஒன்று, காரணம் ஒன்று, எதிரி ஒருவர். கடைமடைக்காரர்களில் இரண்டு மூன்று பேர் பெயரில் வழக்குப் போட்டால் போதும். செலவுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று ஊரில் வரி பிரித்துக்கொள்ளலாம். சாட்சிக்கும் பஞ்சமில்லை. வறண்ட வாய்க்கால் அங்கேயே கிடக்கும். கோர்ட்டு நியமிக்கும் கமிஷனர் வந்து பார்த்து அளந்து எழுதலாம்.

கோயில் வழக்குகளும் இந்த வழியில் போயின. திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பகுதிகளில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோயில் நுழைவும் தேரோட்ட வீதியும் பெரும் வழக்குகளாயின. கமுதிக் கோயில் நுழைவு வழக்கு 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. வழக்கில் பெயர் இருந்தது சிலருக்கு. விளைவைச் சுமந்தது ஒரு சமூகம் முழுவதும். ஒரு வழக்கின் தீர்ப்பு ஊரையே கட்டும் என்பதை இந்தப் பகுதி மக்கள் சட்டப் புத்தகம் படிக்காமலே அறிந்திருந்தார்கள்.

பிற்காலத்தில் இந்த இடத்தைப் பொதுநல வழக்கு பிடித்துக்கொண்டது. தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்து இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2010 டிசம்பரில் ஐந்தாண்டுத் தடை விதித்தது. ஸ்ரீவைகுண்டம் அணையைத் தூர்வாரும் பிரச்சினை 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போனது. கங்கைகொண்டான் சிப்காட்டில் உள்ள குளிர்பான ஆலைகளுக்கு ஆற்றுநீர் தருவதை மதுரைக் கிளை 2016 நவம்பரில் நிறுத்தி வைத்து, 2017 மார்ச்சில் தடையை விலக்கியது. இவற்றில் வழக்குத் தொடுத்தவர் தன் பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை. அரசு செய்ய வேண்டியதைச் செய்யச் சொன்னார். பிரதிநிதித்துவ வழக்கிலிருந்து பொதுநல வழக்கு விலகும் இடம் இதுதான். கார் எரிந்தவருக்கு முதலில் வேண்டியது நஷ்ட ஈடு. அதனால் பொதுநல வழக்கு அவருக்கு அதிகம் உதவுவதில்லை.

மோட்டார் வண்டி தென் மாவட்டங்களுக்கு ரயிலின் துணையாகத்தான் வந்தது. ரயில் 1876-இல் திருநெல்வேலியைத் தொட்டது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். அடுத்த முப்பது ஆண்டுகளில் ரயில் போகாத ஊர்களைத் தனியார் பஸ்கள் இணைத்தன. தீ பற்றிய பயம் முதலில் பெரிதாக வந்தது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில். பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் பஸ்களின் பின்புறத்தில் கரி அடுப்பு ஏறியது. சுந்தரம் ஐயங்காரின் டி.வி.எஸ். நிறுவனமே அப்படி ஒரு கரிவாயு சாதனத்தைத் தயாரித்தது. உருளைக்குள் கரி கனன்று, கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு குழாய் வழியாக எஞ்சினுக்குப் போகும். கிளீனர் இறங்கிக் கரியைக் கிளறி, ஊதுவிசிறியைச் சுற்றி, வாயு பிடித்த பிறகுதான் வண்டி நகரும். கனலும் அடுப்பைச் சுமந்துகொண்டு ஓலைக் கூரைத் தெருக்களுக்குள் போன அந்த வண்டிகளை இன்றைய பாதுகாப்பு விதி எதுவும் ஒரு நாள்கூட ஓட விடாது. ஆனால் அந்த ஆபத்து எல்லார் கண்ணுக்கும் தெரிந்த ஆபத்து. பின்னாளில் வந்த தீ அப்படி அல்ல. அது எஞ்சின் மூடிக்குள் ஒளிந்திருந்தது.

சட்டம் அந்தக் காலத்தில் வண்டி உரிமையாளரை ஒரே கோணத்தில்தான் பார்த்தது. 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கொண்டுவந்தது. 1946-இலிருந்து அது கட்டாயமானது. 1956-இல் திருத்தம் வந்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் தோன்றின. இவை எல்லாவற்றிலும் உரிமையாளர் பதில் சொல்ல வேண்டியவர். வண்டியே அவரைக் கெடுக்கலாம் என்ற எண்ணம் சட்டத்தில் இல்லை. தீ விபத்தில் இழப்பீட்டை விரிவாக்கிய முக்கியத் தீர்ப்பும் அந்தக் கோணத்திலிருந்து வந்ததே. மகாராஷ்டிரத்தில் சாத்தாரா மாவட்ட நெடுஞ்சாலையில் 1987 அக்டோபரில் ஒரு பெட்ரோல் டேங்கர் கவிழ்ந்தது. ஒழுகிய பெட்ரோலைப் பிடிக்க ஊர்க்காரர்கள் கூடினார்கள். ஏறக்குறைய நான்கு மணி நேரம் கழித்து அது வெடித்தது. ஓடாமல் கிடந்த வண்டியில் நடந்தாலும் அது வண்டியின் பயன்பாட்டிலிருந்து எழுந்த விபத்தே என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சொன்னது.

அம்பாசிடரும் பிரிமியர் பத்மினியும் ஆண்ட காலத்தில் கார் வாங்குவதே வருடக் கணக்கில் காத்திருந்து பெறும் பேறு. குறை சொன்னால் யார் கேட்பார்கள்? குறையைப் பட்டறையில் சரி செய்துகொண்டார்கள். கோடையில் பெட்ரோல் பம்பில் ஆவி அடைத்துக்கொண்டு எஞ்சின் நின்றால், டிரைவர் இறங்கிப் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றுவார். பம்பிலிருந்து கசியும் பெட்ரோல் சூடான மேனிஃபோல்டில் சொட்டினால் என்ன ஆகும் என்பது மெக்கானிக்குக் கைப்பாடம். அதனால் கிளிப்பை மாற்றுவார், வாஷரை மாற்றுவார், வயரைச் சுற்றிக் கட்டுவார். நூறு பட்டறைகளில் நூறு முறை ஒரே கோளாறு சரி செய்யப்பட்டாலும் அது எங்கும் பதிவாகவில்லை. குறைபாடு என்பது உற்பத்தியாளரின் கணக்கில் ஏறாமல் ஊர்ப் பட்டறையின் தொழில்திறமையாக மாறிவிட்டது. கூட்டு வழக்கு முளைக்காமல் போனதற்கு இந்தப் பட்டறைப் பண்பாடும் ஒரு காரணம்.

வெளிநாட்டில் கதை வேறு மாதிரி போனது. 1916-இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம், ப்யூக் காரின் மரச் சக்கரம் உடைந்து காயம்பட்டவருக்கு, அவர் நேரடியாகக் கம்பெனியிடம் வாங்காதபோதும், கம்பெனி பொறுப்பு என்றது. தீ தொடர்பாக உலகம் நினைவில் வைத்திருப்பது ஃபோர்டு பின்டோ. பின்பக்கம் மோதினால் பெட்ரோல் டேங்க் கிழிந்து தீப்பற்றும் அமைப்பு அதில் இருந்தது. 1977-இல் ஒரு பத்திரிகை அதை வெளிக்கொண்டு வந்தது. 1978-இல் ஃபோர்டு சுமார் 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு கலிபோர்னியாவில் ஜூரி ஒரு வழக்கில் 12.5 கோடி டாலர் தண்டனை இழப்பீடு விதித்தது. நீதிபதி அதை 35 லட்சமாகக் குறைத்தார். இந்தியாவில் அப்போது ஒருவர் கார் கம்பெனிமேல் வழக்குப் போட வேண்டுமானால் சிவில் கோர்ட்டில் ஸ்டாம்ப் கட்டணம் கட்டி, வருடங்களை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டும்.

1986 டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மாவட்டந்தோறும் மன்றம் அமைந்தது. திருநெல்வேலிக்கும் ஒன்று கிடைத்தது. தள்ளுபடி கழிக்காத புடவைக்கடைப் பில்லிலிருந்து ரயில்வே, செல்போன், வங்கி, தனியார் மருத்துவமனை வரை நெல்லைக்காரர்கள் இந்த மன்றத்தைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். அதே சட்டத்தின் 12(1)(சி) பிரிவு பழைய கால்வாய் வழக்கின் வாரிசு. ஒரே நலன் கொண்ட பல நுகர்வோருக்காக ஒருவரோ பலரோ மன்றத்தின் அனுமதியோடு புகார் தரலாம் என்று அது சொன்னது. முதல் ஆணையின் எட்டாம் விதி அப்படியே பொருந்தும் என்றும் சொன்னது. அந்த விதிக்கு வந்த 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் ஏற்கெனவே ஒரு தடையை நீக்கியிருந்தது: எல்லாருக்கும் வழக்குக்கான காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, ஒரே நலன் இருந்தால் போதும். தமிழ்நாட்டிலிருந்தே அதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் 1990-இல் வந்தது. சென்னை அசோக் நகரில் வீடு பெற்றவர்களிடம் வீட்டுவசதி வாரியம் கூடுதல் தொகை கேட்டபோது, ஒருவர் எல்லாருக்குமாகத் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஒவ்வொருவருக்கும் வந்த நோட்டீஸ் வேறாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான் என்பது அதன் பார்வை.

அதன் பிறகு கூட்டுப் புகார் பற்றிய விவாதம் பெரும்பாலும் வீடு வாங்கியோர் பக்கமே நகர்ந்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம், நலன் ஒன்றாக இருப்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று மீண்டும் சொன்னது. 2021 டிசம்பரில் பெங்களூர் அடுக்குமாடி வழக்கொன்றில் வரம்பும் போட்டது. 1,134 வீடுகள் உள்ள திட்டத்தில் 51 வீடுகளின் 91 உரிமையாளர்கள் எல்லாருக்குமாகப் பேச முயன்றார்கள். மற்றவர்களின் நலனும் அதுவே என்பதைப் புகார் மனுவே விளக்கிக் காட்டவில்லை. எனவே அதை எல்லாருக்குமான புகாராக ஏற்க முடியாது, 91 பேரின் கூட்டுப் புகாராக வேண்டுமானால் நடத்தலாம் என்றது கோர்ட்டு.

அடுக்குமாடிக்காரர்கள் ஒரே படிக்கட்டில் சந்திக்கிறார்கள். கால்வாய்க்காரர்கள் ஒரே வரப்பில் சந்தித்தார்கள். ஒரே மாடல் கார் வைத்திருப்பவர்களில் ஒருவர் நெல்லை வண்ணார்பேட்டையில், ஒருவர் ஈரோட்டில், ஒருவர் நாக்பூரில். ஒருவரை ஒருவர் அறிவதற்கு வழியே இல்லை. யார் யார் வாங்கினார்கள் என்ற பட்டியல் கம்பெனியிடமும் போக்குவரத்துத் துறையிடமும் இருக்கிறது; எரிந்தவர் கையில் இல்லை.

கார் வழக்குகள் ஆகவே ஒற்றை ஒற்றையாக வந்தன. கேரளத்தில் ஒருவர் வாங்கிய பிரிமியர் டீசல் கார் தொடர்பான வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் கம்பெனியைக் கடுமையாகக் கண்டித்தது. 2006-இல் மாருதி வழக்கொன்றில், ஒரு பாகம் பழுதென்றால் அந்தப் பாகத்தை மாற்றுவதே வாரண்டி, முழுக் காரையும் கேட்க முடியாது என்றது. பின்னால் வந்த ஆயிரக்கணக்கான புகார்களில் கம்பெனி வக்கீல்கள் முதலில் எடுத்து நீட்டுவது இந்த இரண்டாவது தீர்ப்பைத்தான். தீ என்று வரும்போது அதன் தர்க்கம் தடுமாறுகிறது. எந்தப் பாகம் பழுது என்று காட்டுவதற்குப் பாகமே மிஞ்சுவதில்லை.

எரிந்த காரில் காரணம் தேடுவது கடினமான வேலை. பெட்ரோல் உறையும் குளிரிலும் ஆவி விடக்கூடியது. ஹோஸில் மயிரிழை விரிசல் போதும். எக்ஸாஸ்ட் பாகங்கள் பல நூறு டிகிரி வரை காயும். பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிள் பெரும்பாலான கார்களில் ஃபியூஸ் இல்லாமல் போகிறது. அது இரும்பில் உரசி உறை தேய்ந்தால், எஞ்சின் அணைந்து கிடக்கும்போதும் பொறி பறக்கும். தீ எங்கே தொடங்கியது என்பதைக் கருகிய தடத்தின் வடிவமும், செம்புக் கம்பி உருகி முனையில் உருண்டு நிற்கும் மணியும் சொல்லும். ஆனால் அந்த மணி தீக்குக் காரணமான ஷார்ட் சர்க்யூட்டால் உண்டானதா, தீயால் உறை எரிந்த பின் உண்டானதா என்பதில் நிபுணர்களே ஒத்துப்போவதில்லை. நுகர்வோர் சட்டம், குறைபாட்டை ஆய்வு இல்லாமல் அறிய முடியாவிட்டால் பொருளின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்கிறது. எரிந்தவரிடம் அனுப்ப இருப்பது ஒரு கூடும் கொஞ்சம் சாம்பலும். நெல்லையில் வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் இருந்தாலும், அது போலீஸோ கோர்ட்டோ அனுப்பும் பொருள்களைப் பார்க்கவே. கார்க்காரர் நேராகக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது.

இதற்குமேல் எதிர்த்தரப்புக்கு உதவும் பழக்கங்கள் இந்தப் பகுதியில் ஏராளம். ஷோரூமிலிருந்து வந்த வாரமே எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் கடைக்குப் போய், வயரை வெட்டி ஒட்டி, கூடுதல் விளக்கும் பெரிய ஹாரனும் மாட்டுவது சாதாரணம். பழைய ஆம்னி வேன்களில் வீட்டு சிலிண்டரிலிருந்து திருட்டுத்தனமாக கேஸ் ஏற்றியதால் நடந்த விபத்துகள் தமிழ்நாடு முழுவதும் அடிக்கடி செய்தியாகியிருக்கின்றன. நெல்வயலை ஒட்டிய வீடுகளில் எலி ஏறி வயரைக் கடிக்கும். பக்கத்துக் கேரளத்தில் 2023 பிப்ரவரியில் கண்ணூரில் ஓடும் கார் தீப்பிடித்து, பிரசவத்துக்கு மருத்துவமனை நோக்கிப் போன கர்ப்பிணியும் கணவரும் இறந்தார்கள். அதன் பிறகு அங்கே நடந்த விவாதத்தில், எரிபொருள் குழாயைத் துளைக்கும் சிறு வண்டுகள்கூடக் காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டன. எலியும் வண்டும் வழக்குக்குள் நுழைந்துவிட்டால் ஆயிரம் பேருக்கும் ஒரே நலன் என்ற வாதம் அங்கேயே தளர்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளம் இதற்கு இன்னொரு அடுக்கைச் சேர்த்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி பெருகி நெல்லை ஜங்ஷன், வண்ணார்பேட்டை, சிந்துபூந்துறை எல்லாம் தண்ணீரில் நின்றன. கார்களும் பைக்குகளும் முங்கிக் கிடந்தன. நனைந்த கனெக்டர்களில் பச்சைக் களிம்பு ஏறி மின்தடை கூடும். அந்த இடம் சூடாகும். கோளாறு வெளிப்பட மாதங்களோ ஆண்டோ ஆகலாம். அப்படி ஒரு வண்டி எரிந்தால் அது தயாரிப்புக் குறையா, வெள்ளத்தின் வேலையா என்று பிரிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். அந்த வண்டியை இடையில் ஒருவர் மலிவாக வாங்கியிருந்தால் இன்னும் சிக்கல்.

கூட்டு வழக்குக்குப் பெரிய எதிரி காப்பீட்டு ஒப்பந்தம் என்று சொல்வது மிகையாகாது. இந்தியாவில் சொந்தச் சேதத்துக்கான மோட்டார் பாலிசியின் முதல் வரியே தீ, வெடிப்பு, தானே பற்றுதல், மின்னல் என்ற நான்கையும் ஈடுகட்டுகிறது. கார் எரிந்தால் தீயணைப்பு நிலையச் சான்று, போலீஸ் பதிவு, சர்வேயர் பார்வை. பிறகு பாலிசியில் குறித்த மதிப்பு கைக்கு வரும். பணம் வாங்கும்போது உரிமையாளர் தன் வழக்குரிமையைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கிறார். நிறுவனத்துக்கோ ஒரு காரின் மதிப்புக்காகக் கம்பெனியோடு நிபுணர் வைத்துப் போராடுவதைவிடப் பிரீமியத்தைக் கூட்டுவது எளிது. ஆயிரம் கார்கள் எரிந்திருந்தாலும் ஆயிரம் கோப்புகளாக மூடப்படும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருக்கும் பழைய வண்டிக்காரருக்கு இந்த வழியும் கிடையாது. வழக்குப் போட மிகுந்த காரணம் உள்ளவர் அவர், வசதி குறைந்தவரும் அவரே.

2010-இல் நாட்டின் கவனத்தைக் கார்த் தீ ஈர்த்தது. முந்தைய ஆண்டு அறிமுகமான டாடா நானோ கார்கள் சில தீப்பிடித்தன. வடிவமைப்பில் குறை இல்லை என்ற நிறுவனம், எக்ஸாஸ்ட்டுக்கும் மின் இணைப்புக்கும் கூடுதல் பாதுகாப்பை இலவசமாகப் பொருத்தித் தருவதாக நவம்பரில் அறிவித்தது. இது திரும்பப் பெறுதல் அல்ல என்றும் சொன்னது. அதே ஆண்டு பிப்ரவரியில் மாருதி, எரிபொருள் கசிவுக்கான வாய்ப்பு காரணமாக ஒரு லட்சம் ஏ-ஸ்டார் கார்களைச் சரிபார்க்க அழைத்தது, பெரும்பகுதி ஏற்றுமதியானவை. திரும்பப் பெறச் சொல்ல அன்று இந்தியாவில் யாருக்கும் அதிகாரம் இல்லை. 2012 ஜூலையில் உற்பத்தியாளர் சங்கம் தானாக ஒரு நெறிமுறை வகுத்துக்கொண்டது. விருப்பம் இருந்தால் செய்வது என்பதுதான் அதன் சாரம்.

தென்கொரியாவில் 2018 கோடையில் பிஎம்டபிள்யூ கார்கள் வரிசையாகத் தீப்பிடித்தபோது நடந்ததை இதோடு ஒப்பிடலாம். புகை மறுசுழற்சிப் பாகத்தில் குறை என்று தெரிந்ததும் லட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் அழைக்கப்பட்டன. சோதிக்காத கார்கள் சாலையில் ஓடக்கூடாது என்று அரசே தடுத்தது. உரிமையாளர்கள் கூட்டமாக வழக்குத் தொடுத்தார்கள். அமெரிக்காவில் செவர்லே போல்ட் மின்கார்களின் பேட்டரி தீப்பிடித்ததால், அதுவரை தயாரித்த அத்தனையும், ஏறக்குறைய 1.42 லட்சம் கார்கள், 2021-இல் திரும்பப் பெறப்பட்டன. உரிமையாளர்களின் கூட்டு வழக்கு 2024-இல் 15 கோடி டாலர் சமரசத்தில் முடிவுக்கு வந்தது. இரண்டு இடத்திலும் வரிசை ஒன்று: முதலில் அரசு ஆய்வு, பிறகு திரும்பப் பெறுதல், அதைச் சான்றாக வைத்துக் கூட்டு வழக்கு. சான்று தேடும் சுமை எரிந்தவர் தலையில் விழவில்லை.

இந்தியச் சட்டம் அந்தத் திசையில் திரும்பியது 2019-இல். அந்த ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் 110ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. விந்தை என்னவென்றால், 1939-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 110ஏ என்று ஒரு பிரிவு உண்டு; அது விபத்தில் அடிபட்டவர் இழப்பீடு கேட்டு மனுச் செய்வதற்கானது. புதிய 110ஏ, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி உற்பத்தியாளருக்கு மத்திய அரசு உத்தரவிட வழி செய்கிறது. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆண்டு விற்பனையைப் பொறுத்துக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் உரிமையாளர்கள் அரசு இணையதளத்தில் புகார் பதிந்தால் விசாரணை தொடங்க வேண்டும். பழைய தண்டோராவின் வேலையை இங்கே எண்ணிக்கை செய்கிறது. ஒருவரை ஒருவர் அறியாதவர்களும் சேர்ந்தவர்களாகக் கணக்கிடப்படுகிறார்கள். அடுத்த மாதமே சென்னையைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டு, இக்னிஷன் காயிலில் ஷார்ட் சர்க்யூட் வாய்ப்பு இருப்பதாகச் சொல்லி 2,36,966 பைக்குகளைத் தானாகவே திரும்ப அழைத்தது.

2019-ஆம் ஆண்டின் புதிய நுகர்வோர் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. கூட்டுப் புகார் உரிமை 35(1)(சி) பிரிவாக அதில் தொடர்கிறது. புதிதாகப் பொருள் பொறுப்பு என்ற அத்தியாயம் சேர்ந்தது: தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ குறை, எச்சரிக்கை போதாமை ஆகியவற்றால் தீங்கு நேர்ந்தால் உற்பத்தியாளர் ஈடு தர வேண்டும். பொருளை மாற்றி அமைத்திருந்தாலோ தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ விலக்கு உண்டு. எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் கடை ரசீது இங்கேதான் கம்பெனிக்குக் கைகொடுக்கும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் அமைந்தது. ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரமும், நுகர்வோர் கூட்டத்துக்காகத் தானே புகார் தொடுக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு.

இந்தச் சட்டங்களின் முதல் பெரிய சோதனை தமிழ்நாட்டிலிருந்தே தொடங்கியது. 2022 மார்ச் 25 இரவு வேலூரில் வீட்டில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்துத் தந்தையும் மகளும் இறந்தார்கள். மறுநாள் புனேயில் இன்னொரு நிறுவனத்தின் ஸ்கூட்டர் தெருவோரம் நின்றபடியே எரிந்தது. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் தீ, வெடிபொருள் ஆய்வு மையத்திடம் மத்திய அரசு விசாரணையை ஒப்படைத்தது. ஏப்ரலில் ஒக்கினாவா 3,215, ப்யூர் 2,000, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆலை கொண்ட ஓலா 1,441 என்று நிறுவனங்கள் வண்டிகளைத் தாமாக அழைத்தன. பேட்டரிகளுக்கான ஏஐஎஸ் 156 தரவிதி கடுமையாக்கப்பட்டு 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரு கட்டமாக அமலானது. 110ஏ பிரிவின்கீழ் கட்டாய உத்தரவு வருவதற்கு முன்பே நிறுவனங்கள் தாமாக அழைத்துவிட்டதால், குறை இன்னது என்று அரசு எழுத்தில் சொல்லும் ஆவணம், அதாவது கூட்டு வழக்குக்கு அடித்தளமாகக்கூடியது, உரிமையாளர் கைக்கு வரவில்லை.

வண்டி உரிமையாளர்கள் எல்லாருக்குமாக ஒருவர் கோர்ட்டுக்குப் போன அண்மை நிகழ்வு எரிபொருள் பற்றியது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ப வடிவமைக்காத பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்கள் கெடுகின்றன, கலப்பில்லாத பெட்ரோலும் பம்புகளில் கிடைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. அது அரசின் கொள்கையை எதிர்த்த மனு. ஹோஸ் கசிந்து எரிந்த ஒரு மாடலின் உரிமையாளர்கள் ஒரு கம்பெனியிடம் ஈடு கேட்கும் வழக்கின் கேள்வி அதில் எழவே இல்லை.

தாமிரபரணி கடலில் சேரும் மாவட்டத்தில், தூத்துக்குடி சிப்காட்டில், வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் 2025 ஆகஸ்ட் 4 அன்று மின்கார் ஆலையைத் திறந்தது. முதல் கட்டத்தில் ஆண்டுக்கு 50,000 கார்கள் என்பது திட்டம். நெல்லைச் சாலைகளில் எல்லா நிறுவனங்களின் மின்கார்களும் பெருகி வருகின்றன. மின்கார் பேட்டரிக்கு எட்டு ஆண்டோ அதற்கு மேலோ வாரண்டி தருவது சந்தையில் வழக்கமாகிவிட்டது. கட்டாயமாகத் திரும்பப் பெறும் விதியோ தயாரித்து ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே. நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தர, வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். எட்டாம் ஆண்டில் பேட்டரிக் குறையால் ஒரு மாடலில் பல கார்கள் எரிந்தால், அரசு இணையதளத்தில் பதியும் புகார்களின் எண்ணிக்கையால் அவற்றைத் திரும்பப் பெறச் செய்ய முடியாது. உரிமையாளர்களுக்கு மிஞ்சுவது 35(1)(சி) பிரிவு. அதன்கீழ் முதலில் வேண்டியது, 1877-இல் கால்வாய்க்காரருக்கு வேண்டியிருந்த அதே அனுமதிதான்.